வேலையிடத்தை ஆராய கிரவுண்டட் தியரி: கிளேசரா, ஸ்ட்ராஸா, சார்மாஸா, இல்லை எதுவுமே வேண்டாமா?

"கைடு கிரவுண்டட் தியரி பண்ணச் சொல்லிட்டார், எந்தப் புத்தகத்தை வாங்கட்டும்?"

இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் அடிக்கடி வந்துவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் முழுநேர ஆராய்ச்சி மாணவர்கள் கிடையாது. ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜாக இருந்துகொண்டே எம்.எஸ்சி. நர்சிங் முடிப்பவர், ஐடி கம்பெனியில் டீம் லீடாக இருந்துகொண்டு பார்ட் டைம் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர், எச்.ஆரில் பத்து வருஷம் ஓட்டிவிட்டு "ஆட்கள் ஏன் போறாங்கன்னு எக்ஸிட் ஃபாரத்துல ஒருத்தரும் உண்மையை எழுத மாட்டேங்கிறாங்க" என்று அலுத்துப்போனவர். எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: ஆராயப்போவது தாங்கள் சம்பளம் வாங்கும் இடத்தையே.

பாடப்புத்தகங்களில் இருக்கும் ஒப்பீடுகள் இவர்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை. அவை உண்மை என்பது வெளியே இருக்கிறதா, நாம் உருவாக்குவதா என்று தத்துவத்தில் ஆரம்பித்துத் தத்துவத்திலேயே முடிந்துவிடும். நான் பார்த்தவரை, வேலையில் இருப்பவர் கிளேசர், ஸ்ட்ராஸ், சார்மாஸ் என்ற மூன்று கிரவுண்டட் தியரிப் பள்ளிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவருடைய டியூட்டி நேரமும் நாற்காலியும்தான் முடிவு செய்கின்றன. தத்துவம் அப்புறம் வரட்டும்.

## முதலில், இதில் கிடைப்பது என்ன

கிரவுண்டட் தியரி என்றால், ஏற்கெனவே இருக்கும் ஒரு கோட்பாட்டை எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்ப்பதற்குப் பதிலாக, ஆட்கள் செய்வதையும் சொல்வதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே போய், அங்கிருந்தே ஒரு விளக்கத்தை எழுப்புவது. தமிழில் "தரவுசார் கோட்பாடு" என்றெல்லாம் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் துறையில் இருப்பவர்கள் கிரவுண்டட் தியரி என்றேதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பிடித்த உதாரணம் 1972இல் ஓடிஸ் பிகஸ் அமெரிக்கப் பால்காரர்களைப் பற்றி எழுதிய கட்டுரை. வீட்டுக்கு வீடு பால் போடுபவர், வாடிக்கையாளர் கையை விட்டுப் போகாமல் இருக்க உறவை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிர்செய்கிறார் என்பதுதான் அதன் மையம். படித்துவிட்டு நம் ஊர் எல்ஐசி ஏஜென்டை நினைத்துப் பாருங்கள். டாக்டர் அறை வாசலில் பையோடு நின்று, அவர் மகனின் நீட் ரிசல்ட்டை மறக்காமல் விசாரிக்கும் மெடிக்கல் ரெப்பை நினைத்துப் பாருங்கள். பாலே இல்லாத இடத்திலும் அந்தக் கருத்து வேலை செய்கிறது. "பால்காரர்கள் இப்படிச் சொன்னார்கள், அப்படிச் சொன்னார்கள்" என்று ஐந்து தலைப்புகளில் தொகுத்திருந்தால் அது பால்காரர்களோடு நின்றுபோயிருக்கும்.

இப்படி ஒரு விளக்கம் உங்களுக்குத் தேவையா, இல்லை தொகுப்பே போதுமா என்பதை யோசித்துவிட்டு மேலே படியுங்கள். தொகுப்பு போதும் என்றால் கீழே வரும் நான்கு வழிகளில் நேராக நான்காவதற்குப் போய்விடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

## எதை வைத்து எடைபோடப் போகிறோம்

திரும்பப் போக முடியுமா? இதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். கிரவுண்டட் தியரியில் முதல் நாலைந்து பேரிடம் பேசி, அதை அலசி, அதில் கிளம்பும் சந்தேகத்தை வைத்துத்தான் அடுத்து யாரிடம் போவது என்று முடிவு செய்ய வேண்டும். தியரடிக்கல் சாம்ப்ளிங் என்பது இதுதான். நிர்வாகம் ஒரே ஒரு வாரம் அனுமதி கொடுத்து, அதற்குள் பதினைந்து பேரிடமும் பேசி முடித்துவிட வேண்டும் என்றால், எந்தப் புத்தகம் வாங்கினாலும் நீங்கள் செய்வது கிரவுண்டட் தியரி ஆகாது.

உங்கள் நாற்காலி எது? பேசப்போகிறவர்களுக்கு நீங்கள் மேலதிகாரியா, சக ஊழியரா, கீழே இருப்பவரா? லீவு சாங்க்ஷன் செய்பவரிடம் யாரும் மனம் திறந்து பேசிவிட மாட்டார்கள்.

யார் ஒப்புக்கொள்ள வேண்டும்? வைவாவில் உட்காரும் தேர்வாளரா, எதிக்ஸ் கமிட்டியா, இல்லை ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு டியூட்டி ரோஸ்டரை மாற்ற வேண்டிய மேலாளரா?

நேரம். ஒரு மணி நேர ரெக்கார்டிங்கைக் கேட்டு எழுத நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு என்றால் கூடவே ஆகும், அப்புறம் ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் மேற்கோள்களை மொழிபெயர்க்கும் வேலை தனி. டியூட்டி முடிந்து வந்து இரவில் இதைச் செய்யப்போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

## வழி 1: கிளேசர் பாணி

பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1960களில் சான் ஃபிரான்சிஸ்கோவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நர்சிங் கல்லூரியை மையமாக வைத்து, அங்கிருந்த ஆஸ்பத்திரிகளில் சாகும் தறுவாயில் இருப்பவர்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். 1965இல் அந்த ஆய்வும், 1967இல் அதை எப்படிச் செய்தோம் என்ற முறையியல் நூலும் வந்தன. ஆக, இந்த முறை பிறந்ததே ஒரு வேலையிடத்தில், நர்ஸும் டாக்டரும் டியூட்டி பார்க்கும் வார்டில்.

அவர்கள் கண்டது நான்கு நிலைகள். நோயாளிக்குத் தெரியாது, சுற்றி இருப்பவர்களுக்குத் தெரியும். அடுத்து, நோயாளிக்குச் சந்தேகம் தட்டுகிறது. அடுத்து, இரு தரப்புக்கும் தெரியும், ஆனால் தெரியாததுபோல் நடிக்கிறார்கள். கடைசியில் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். ஆட்குறைப்பு வரப்போகும் ஒரு கம்பெனியில் எச்.ஆருக்கும் ஊழியருக்கும் நடுவே நடப்பதை இதன்மேல் வைத்துப் பாருங்கள், குறிப்பாக அந்த மூன்றாவது நிலையை. டவுன் ஹால் மீட்டிங்கில் எல்லோரும் சிரித்துக்கொண்டு கைதட்டுவார்களே, அது.

பிற்காலக் கிளேசரின் பிடிவாதங்கள் மூன்று. ஆய்வுத் துறையின் இலக்கியத்தை, அதாவது அதில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளை, முன்கூட்டிப் படிக்காதே. பேட்டியை ரெக்கார்ட் செய்யாதே, குறிப்பெடு. பிரச்சினையை நீ முடிவு செய்துகொண்டு போகாதே, அங்கிருப்பவர்களின் முதல் கவலை எது என்று கண்டுபிடி.

இரண்டாவது பிடிவாதம் வேலையிடத்துக்கு வரம். மேஜையில் போனை வைத்து ரெக்கார்டிங் பட்டனை அழுத்தினீர்கள் என்றால், அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் அந்த நொடியிலிருந்து "மேனேஜ்மென்ட் சப்போர்ட் நல்லா இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவார். கேன்டீன் பேச்சு, சர்க்குலர், நோட்டீஸ் போர்டு எல்லாமே தரவுதான் என்பதும் கிளேசரின் கொள்கை. எழுதும் வேலை பாதியாகக் குறையும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான். கேன்டீனில் நண்பராகச் சொன்னதை ஆய்வில் எடுத்துப் போடுவது சரியா? நீங்கள் ஆராய்கிறீர்கள் என்று தெரியாமல் அவர் பேசியிருந்தால், அது துரோகம் என்றே நான் சொல்வேன், எதிக்ஸ் கமிட்டியும் விடாது. அடுத்தது ப்ரொபோசல். இங்கே டாக்டரல் கமிட்டி முன்னால் இலக்கிய ஆய்வு இல்லாமல், பிரச்சினை இன்னதென்று சொல்லாமல் போய் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சில இடங்களில் ஹைபாத்தீசிஸ் (சோதிக்கப்போகும் ஊகம்) எங்கே என்றுகூடக் கேட்பார்கள். மூன்றாவது செலவு மனசுக்கு. மாதக்கணக்கில் ஒன்றும் புரியாமல் குழம்பிக்கொண்டிருக்க வேண்டும், காட்ட ஒரு படம்கூட இருக்காது.

பிரச்சினையை முடிவு செய்யாமல் போவதற்கும் ஒரு விலை உண்டு. ஆட்கள் ஏன் ராஜினாமா செய்கிறார்கள் என்று அறிய நீங்கள் போயிருப்பீர்கள். அவர்களுடைய கவலை ராஜினாமாவே இல்லை, அப்ரைசலுக்கு முந்தைய மூன்று மாதத்தில் யார் கண்ணில் எப்படிப் படுவது என்பதுதான் என்று வந்து நிற்கலாம். ஆய்வு அருமையாக இருக்கும். காசு கொடுத்த மேலாளர் "நான் கேட்டது இதையா?" என்பார்.

இருந்தாலும், பொறுமை இருந்தால் இதில் விளைவது தனி ரகம். ரஷீனா ஹோடா நியூசிலாந்தில் தன் முனைவர் ஆய்வுக்காகக் கிளேசர் வழியில்தான் போனார். நியூசிலாந்திலும் இந்தியாவிலும் 23 நிறுவனங்களில் அஜைல் முறையில் (மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் முறை) வேலை செய்யும் 58 பேர், நாலு வருஷம். மேலாளர் கட்டளை போடாத ஒரு டீம் தன்னைத்தானே எப்படி நடத்திக்கொள்கிறது என்று பார்த்து, யாரும் நியமிக்காமல் தானாக முளைக்கும் ஆறு பாத்திரங்களைச் சொன்னார். அதில் ஒன்று மொழிபெயர்ப்பாளர், வாடிக்கையாளரின் வியாபார மொழியை டெவலப்பருக்கும் டெவலப்பரின் டெக்னிக்கல் மொழியை வாடிக்கையாளருக்கும் கொண்டுபோகிறவர். இன்னொன்று டெர்மினேட்டர், டீமுக்கு ஒத்துவராதவரை அடையாளம் கண்டு மேலிடத்தின் உதவியோடு வெளியே அனுப்பவைப்பவர். எந்த டீமில் இருந்தாலும் அவர் யார் என்று உங்களுக்கு உடனே ஒரு முகம் ஞாபகம் வருமே, அதுதான் கருத்து பொருந்துகிறது என்பதற்கு அடையாளம்.

## வழி 2: ஸ்ட்ராஸ்–கார்பின் பாணி

1990இல் ஸ்ட்ராஸ், நர்சிங் பின்னணி கொண்ட ஜூலியட் கார்பினோடு சேர்ந்து படிப்படியாக எப்படிச் செய்வது என்று ஒரு கையேடு எழுதினார். கிளேசருக்குக் கோபம் வந்து, 1992இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி, இது கருத்தைத் தரவின்மேல் திணிக்கும் வேலை என்று சண்டைக்கு நின்றார். அந்தச் சண்டை இன்றுவரை மெத்தடாலஜி அத்தியாயங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதன் பலம் சட்டகம். கோடிங் என்றால் தரவின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு பெயர் (கோட்) வைப்பது. துண்டு துண்டாகப் பெயர் வைக்கும் ஓப்பன் கோடிங், பெயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஆக்ஸியல் கோடிங், எல்லாவற்றையும் ஒரு மையக் கருத்தின்கீழ் கொண்டுவரும் செலக்டிவ் கோடிங் என்று வரிசை உண்டு. ஒவ்வொரு கருத்துக்கும் எந்தச் சூழலில், யார் என்ன செய்கிறார்கள், அதனால் என்ன ஆகிறது என்று கேட்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது "எல்லாம் ஓகே சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புவதை எடுத்துக்கொள்வோம். சூழல்: கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு, அடுத்த ஷிஃப்ட்காரர் வந்ததே ஒன்பதுக்கு. செயல்: சுருக்கிச் சொல்லுதல், மீதியை வாட்ஸ்அப்பில் அனுப்புதல். விளைவு: அதிகாலையில் யாருக்கு இன்சுலின் போட்டார்கள் என்று தேடுதல். இதைப் படமாகப் போட்டு நிர்வாகத்திடம் கொடுத்தால் ஷிஃப்ட் நேரத்தைக் கால் மணி நேரம் நகர்த்தலாமா என்ற பேச்சாவது வரும். டாக்டரல் கமிட்டியும் இந்த வரிசையைப் பார்த்தால் நிம்மதியாகும்.

செலவு என்ன? பெட்டியை நிரப்பும் வியாதி. இதை நான் அனுபவித்திருக்கிறேன். என் ஆய்வில் அம்புக்குறி போட்டு அழகாக ஒரு படம் வரைந்தேன், சூழல், செயல், விளைவு எல்லாம் கச்சிதம். வைவாவில் தேர்வாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை ஒரு பேட்டிகூட எடுக்காமலே வரைஞ்சிருக்கலாமே" என்றார். நியாயமான கேள்வி. பெட்டிகள் காலியாக இருக்கின்றனவே என்று அவசரத்தில் எனக்கு முன்பே தெரிந்ததை எல்லாம் அதில் போட்டிருந்தேன். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் வேலை செய்கிறவருக்கு இந்த ஆபத்து வெளியாளைவிட அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் அவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கும்.

ஸ்ட்ராஸ் 1996இல் மறைந்த பிறகு வந்த பதிப்புகளில் கார்பின் இறுக்கத்தைத் தளர்த்தினார், இவை கருவிகள்தான், விதிகள் இல்லை என்ற தொனி வந்தது. வாங்குவதானால் பிந்தைய பதிப்பை வாங்குங்கள்.

## வழி 3: சார்மாஸ் பாணி

கேத்தி சார்மாஸ் சமூகவியலுக்கு வருமுன் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருந்தவர், தீராத நோயோடு வாழ்பவர்களை ஆராய்ந்தவர். 2006இல் வந்த அவருடைய நூல்தான் இன்று பலரும் முதலில் எடுப்பது. தரவு எங்கோ கிடந்து நீங்கள் பொறுக்கி வருவதில்லை, கேட்பவரும் சொல்பவரும் சேர்ந்து உருவாக்குவது என்பது அவர் நிலை. வார்டு இன்சார்ஜ் வார்டை ஆராயும்போது, தான் அங்கே இல்லாததுபோல் எழுதவேண்டிய கட்டாயம் இதில் இல்லை. "நான் இவர்களுக்கு ரோஸ்டர் போடுபவள், அதனால் நைட் டியூட்டியைப் பற்றி என்னிடம் சுற்றி வளைத்துத்தான் பேசினார்கள்" என்று எழுதலாம், எழுதியே ஆக வேண்டும்.

கோடிங்கில் அவர் சொல்லும் ஒரு யோசனை தமிழில் கைக்கு அப்படியே வந்து உட்காருகிறது. பொருளுக்குப் பெயர் வைக்காதே, செயலுக்கு வை என்கிறார். நம்மிடம் அதற்கென்றே தொழிற்பெயர் இருக்கிறது. ஒரு நர்ஸ் "நைட்ல டாக்டருக்கு போன் பண்ணா திட்டுவாரோன்னு அரை மணி நேரம் பார்த்தேன்" என்கிறார். இதற்கு "டாக்டர்–நர்ஸ் உறவு" என்று கோட் போட்டால் கதை செத்துப்போயிற்று. "திட்டுக்குப் பயந்து தள்ளிப்போடுதல்" என்று போட்டால், அடுத்த பேட்டியில் என்ன கேட்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்: எவ்வளவு நேரம் தள்ளுகிறார்கள், யார் தள்ளுவதில்லை, எந்த டாக்டருக்குத் தள்ளத் தேவையில்லை?

ஆனால் ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் இங்கே ஒரு பெரிய செலவு காத்திருக்கிறது. "அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்" என்று ஒருவர் சொல்கிறார். சொல் ஆங்கிலம்தான், ஆனால் அதற்குள் விழுங்கிக்கொள்வதும் இருக்கிறது, விட்டுக்கொடுப்பதும் இருக்கிறது, இன்னொரு நாள் இதைச் சொல்லிக் காட்டி லீவு வாங்குவேன் என்ற கணக்கும் இருக்கிறது. அதே சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் இதில் எதுவும் மிஞ்சாது. தமிழிலேயே கோட் செய்து, மொழிபெயர்ப்பைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, இந்த மாதிரிச் சொற்களை அப்படியே நிறுத்தி விளக்கம் எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த வழி. வேலை இரட்டிப்பாகும். சார்மாஸ் பாணிக்கு நீண்ட பேட்டி, முழு எழுத்து வடிவம், வரிவரியாகக் கோடிங் என்று ஏற்கெனவே நேரம் விழுங்கும் குணம் உண்டு.

இன்னொன்று, நிர்வாகத்திடம் கொண்டுபோகும்போது "அப்போ இது உங்க கருத்துதானே?" என்ற கேள்வி வரும். பதில் தயாராக இருக்கட்டும்.

## வழி 4: கிரவுண்டட் தியரி வேண்டாம், தீமேட்டிக் அனாலிசிஸ் போதும்

தீமேட்டிக் அனாலிசிஸ் என்றால் பேட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்களைத் தலைப்புகளாகத் தொகுப்பது. திரும்பப் போக முடியாதவர்களுக்கு இதுதான் நேர்மையான வழி. வர்ஜீனியா பிரானும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் ஆறு கட்டங்களாக விளக்கியது. எல்லாப் பேட்டிகளையும் எடுத்து முடித்த பிறகும் அலசலாம், ஏற்கெனவே குவிந்து கிடக்கும் எக்ஸிட் ஃபாரங்களைக்கூட அலசலாம். மற்ற மூன்றைவிடச் சீக்கிரம் முடியும்.

கிடைப்பது என்ன இருக்கிறது என்ற படம். ஏன், எப்படி மாறுகிறது என்ற விளக்கம் தானாக வந்துவிடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 12 பேட்டிகளில் சாச்சுரேஷன் (இனிப் பேசினாலும் புதிதாக ஒன்றும் வராத நிலை) வந்துவிடும் என்று பலரும் மேற்கோள் காட்டும் 2006ஆம் ஆண்டு ஆய்வு, கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 பேட்டிகளை வைத்து, புதிய கோட்கள் எப்போது வருவது நிற்கிறது என்று பார்த்தது. கிரவுண்டட் தியரியில் சாச்சுரேஷன் என்பது ஒரு கருத்தின் எல்லாப் பக்கங்களும் நிரம்புவது. அந்த 12ஐ இங்கே தூக்கிவந்து போடாதீர்கள், தெரிந்த தேர்வாளர் பிடித்துவிடுவார்.

## ஒரே பார்வையில்

| | கிளேசர் | ஸ்ட்ராஸ்–கார்பின் | சார்மாஸ் | தீமேட்டிக் |
|---|---|---|---|---|
| திரும்பப் போவது | கட்டாயம், பலமுறை | கட்டாயம் | கட்டாயம் | தேவையில்லை |
| நீங்கள் மேலதிகாரி என்றால் | குறிப்புகள் பொய்க்கலாம் | தெரிந்ததையே நிரப்பும் ஆபத்து | அதையே எழுதலாம் | பெயர் சொல்லாத ஃபாரம் உதவும் |
| கமிட்டி | கஷ்டம் | சுலபம் | பரவாயில்லை | சுலபம் |
| எழுதும் சுமை | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | நடுத்தரம் |
| வேறு இடத்துக்கும் பொருந்தும் கருத்து | அதிக வாய்ப்பு | நடுத்தரம் | சூழலோடு சேர்ந்து | குறைவு |

மூன்றையும் கலந்தால் என்ன என்று கேட்பீர்கள். கிளேசரிடமிருந்து "இலக்கியம் படிக்க வேண்டாம்", ஸ்ட்ராஸிடமிருந்து படம், சார்மாஸிடமிருந்து "நானும் ஒரு பங்கு" என்று எடுத்துச் செய்யும் கூட்டாஞ்சோறு நிறையப் பார்த்திருக்கிறேன். சாப்பிடலாம்தான், ஆனால் ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

## அந்த மூன்று பேருக்கும்

வார்டு இன்சார்ஜுக்கு: சார்மாஸ். உங்கள் நாற்காலியை மறைக்க முடியாது, மறைக்காமல் எழுத இடம் கொடுப்பது அதுதான். முடிந்தால் உங்கள் ரோஸ்டரில் இல்லாத வார்டில் ஆரம்பியுங்கள். எம்.எஸ்சி.க்கு நேரம் இல்லை, ஆறே மாதம்தான் என்றால் தீமேட்டிக் செய்துவிட்டு அந்தப் பெயரிலேயே எழுதுங்கள்.

டீம் லீடுக்கு: பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம் இருக்கிறது, தினமும் அந்தச் சூழலிலேயே இருக்கிறீர்கள், திரும்பத் திரும்பக் கேட்கலாம். கைடு தாங்குவார் என்றால் கிளேசர். தாங்க மாட்டார் என்றால் ஸ்ட்ராஸ்–கார்பின், ஆனால் பெட்டிப் படத்தைக் கடைசி வருஷம் வரை வரையாதீர்கள். வேறு கம்பெனி டீம்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சொந்த டீமை மட்டும் வைத்து டெர்மினேட்டரைக் கண்டுபிடித்தால் திங்கட்கிழமை ஆபீஸ் போக முடியாது.

எச்.ஆர். நண்பருக்கு: உள்ளே இருப்பவர்கள் உங்களிடம் பேச மாட்டார்கள், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். குவிந்திருக்கும் ஃபாரங்களை முதலில் தீமேட்டிக்காக அலசி, எங்கே எல்லோரும் ஒரே மாதிரி "பர்சனல் ரீசன்" என்று எழுதியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, வேலையை விட்டு ஆறு மாதமாவது ஆனவர்களைத் தேடிப் போங்கள். அதற்குள் செட்டில்மென்ட் பணமும் ரிலீவிங் லெட்டரும் கைக்குப் போயிருக்கும், உங்களிடம் பயப்பட ஒன்றும் இருக்காது. ஒருவரிடம் பேசி அலசி, அடுத்தவரைத் தேர்ந்தெடுத்து என்று அங்கே கிரவுண்டட் தியரியாகவே செய்யலாம், சார்மாஸ் வழி பொருந்தும். டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள், ஆபீஸுக்கு வரச் சொல்லாதீர்கள்.